முதலாளி காலுக்காக ஆரணியில் நடந்தது

ஆரணிக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் என் காலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில், நான் மின்சாரக் கம்பம் ஏறுகிறவனா என்று கேட்டார். அவர் லைன்மேனாம். அடியில் இப்படி ஆணி வைத்த ஷூ கொடுத்தால் தங்களுக்கும் சௌகரியமாக இருக்கும் என்று பெருமூச்சு விட்டார்.

நான் கம்பம் ஏறுகிறவன் இல்லை. மலேசியாவில், ஈப்போ நகரத்து ஜவுளிக்கடை ஒன்றின் சரக்கு அறையைப் பார்த்துக்கொள்கிறவன். காலில் கிடந்தது கோல்ப் ஷூ. அதுவும் என்னுடையது இல்லை. என் முதலாளியுடையது.

எண்பதுகளின் தொடக்கம் அது. முதலாளிக்கு அப்போது திடீரென்று கோல்ப் பைத்தியம் பிடித்திருந்தது. வங்கி மேலாளர்களும் வக்கீல்களும் ஆடுகிற கிளப்பில் அவரையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்காகச் சீமையிலிருந்து ஒரு ஜோடி ஷூ வரவழைத்தார். வெள்ளையும் பழுப்பும் கலந்த தோல், நாடாவை மறைக்க ஒரு தோல் குஞ்சம், புல்லில் வழுக்காமலிருக்க அடியில் இரும்பு ஆணிகள். பார்க்க அழகுதான். தோல் மட்டும் பலகை மாதிரி இருந்தது. கடைக்குள் நாலு எட்டு வைத்துப் பார்த்தவர், முகத்தைச் சுளித்துக்கொண்டு கழற்றினார். அந்த நேரம் பார்த்து நான் எதிரே நின்றேன். இருவருக்கும் ஒரே கால் அளவு.

அவருடைய மகள் கல்யாணத்துக்கு ஆரணியில் ஒரு முகூர்த்தப் பட்டு நெய்யக் கொடுத்திருந்தார். அதை வாங்கிவர நான் புறப்பட இருந்தேன். "எப்படியும் அங்கே நடக்கத்தானே போறே, மாணிக்கம். இதைப் போட்டுக்கிட்டு நட. திரும்பி வர்றப்ப பதமாயிடும்" என்றார். சேர்ந்த நாளிலிருந்து அவரிடம் நான் சொல்லிப் பழகிய ஒரே பதில் "சரிங்க முதலாளி" என்பது. அதையே சொன்னேன். முதலாளிக்குப் பல்வலி வந்தால் யாருடைய பல்லைப் பிடுங்குவார்கள் என்று வீட்டில் என் மனைவி கேட்டாள்.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் என் கால் எகிறி, எதிரே இருந்த சாக்கு மூட்டையில் குத்தி நின்றது. உள்ளே கொய்யாப்பழம். மூட்டைக்குச் சொந்தக்காரி குனிந்து பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த இன்னொரு பெண்ணிடம் தெலுங்கில் வேகமாக ஏதோ சொன்னாள். திட்டுகிறாளாக்கும் என்று லைன்மேனிடம் விசாரித்தேன். "பாவம், காலு சரியில்லாத ஆளு போல கீது, இரும்புச் செருப்பு போட்டுகினு கஷ்டப்படறாரு, இவரப் போயி எப்படித் திட்டறதுன்னு பேசிக்கறாங்க" என்றார். அவர் மொழிபெயர்த்து முடிப்பதற்குள், ஆணி பட்ட கொய்யாவையே அந்தப் பெண் என் கையில் கொடுத்துவிட்டாள். என் கால்கள் நன்றாகத்தான் இருக்கின்றன என்று விளக்கப் போய் என்ன ஆகப்போகிறது? வாங்கித் தின்றேன்.

ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே பஸ் புகை விட்டுக்கொண்டு நின்றது. கண்டக்டர் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். மற்றவர்கள் எல்லாரும் இது தினசரி நடப்பதுபோல மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தார்கள். நானும் நடந்தேன். தார் ரோட்டில் ஒவ்வோர் அடிக்கும் லாடம் அடித்த குதிரை மாதிரி டக்கு டக்கு என்று சத்தம். முன்னால் போனவர்கள் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்கள். ஈப்போவில் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு. ஒரு தெருக்கோடியிலிருந்து மறு கோடிவரை வெயில் படாமல் போய்விடலாம். இங்கே நிழல் என்பது அரிசி ஆலைச் சுவர் ஓரமாக ஒரு சாண் அகலத்துக்குத்தான் இருந்தது. அதிலும் ஒரு மாடு படுத்திருந்தது.

நான் தங்கவேண்டியது தரணேந்திர நயினார் வீட்டில். கடைத்தெருவில் பட்டுக்கடை வைத்திருந்தார். எங்கள் முதலாளியின் நெடுநாள் வியாபாரக் கூட்டாளி. தலைமுறை தலைமுறையாக அந்தப் பக்கத்திலேயே இருக்கும் சமணக் குடும்பம். மனிதர் சாந்தமே உருவானவர். அவர் சாந்தம்தான் என்னை முதலில் எரிச்சல்படுத்தியது. புடவையை நாளைக்கே வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று கேட்டதற்கு, மூன்று நாள் கழித்துத்தான் பாவு நீட்டப் போகிறார்கள் என்று அமைதியாகச் சொன்னார். பாவு என்றால் புடவையின் நீளவாக்கு இழைகள். அதைத் தெருவில் நீட்டிச் சீர்செய்து, தறியில் ஏற்றி, அப்புறம்தான் நெசவே ஆரம்பிக்கும்.

"ரெடின்னு சொன்னீங்களே ஐயா" என்றேன்.

"ரெடி ஆவுதுன்னுதாங்க சொன்னேன். சரிகை வந்து சேர லேட்டாயிட்டுது. இன்னா பண்றது, நாலு நாளு இருந்து ஊரப் பாத்துட்டுப் போங்க."

அவருடைய மனைவி பத்மாவதி அம்மாள் என் காலைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆணிகளின் அடியில் மண்ணில் ஊர்கிற எத்தனை ஜீவன்கள் மாட்டும் என்று மட்டும் கேட்டார். இந்தக் கேள்வியை அந்த ஷூ செய்த கம்பெனி யோசித்திருக்காது. அன்றிலிருந்து ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை வெறுங்காலோடு போய், அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து மாட்டிக்கொள்வதும், திரும்பும்போது அதே கல்லில் கழற்றுவதும் என் வேலையாயிற்று.

அந்த வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடவேண்டும். இருட்டினால் அடுப்படியை மூடிவிடுவார்கள். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் கிடையாது. வெங்காயம் இல்லாமல் அப்படி ஒரு சாம்பார் வைக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆனால் நான் ராத்திரி பத்து மணிக்கு மிளகாய் அரைத்து வைத்த மீன் சம்பலோடு சோறு தின்று வளர்ந்தவன். மாலை ஆறு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலை இட்லி வரைக்கும் என் வயிறு பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் காலையில் நடந்தே தீர்வது என்று கிளம்பினேன். கோட்டை மைதானத்தில் கொஞ்சம் புல் இருந்தது. கோல்ப் ஷூ தன் வாழ்க்கையில் முதல்முறையாகப் புல்லை மிதித்தது. இரண்டு சுற்று முடிவதற்குள் குதிகால் இரண்டிலும் தீப்பட்டதுபோல எரிந்தது. டீக்கடையில் உட்கார்ந்து கழற்றிப் பார்த்தால் கொப்புளம். கடையில் இருந்த அத்தனை பேரும் டீக்கிளாசோடு சுற்றி வந்து நின்றார்கள். விளக்கெண்ணெய் தடவு என்றார் ஒருவர். விளக்கெண்ணெய் தடவினால் தோல் அழுகிப்போகும், தேங்காயெண்ணெய்தான் சரி என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஷூவை வாங்கி, அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்து, முதலில் இந்த ஆணியையெல்லாம் பிடுங்கு என்றார். அதைக் கழற்றத் தனியாக ஒரு சாவி உண்டு. அந்தச் சாவி ஈப்போவில் முதலாளியின் காரில் இருந்தது. பக்கத்து சைக்கிள் கடைக்காரர் குறடு போட்டுத் திருகிப் பார்த்தார். ஓர் ஆணியின் தலை மழுங்கியது. அதோடு அவர் வேறு சைக்கிளைப் பார்க்கப் போய்விட்டார்.

கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்ட வைத்தியம் நெல். ஊறவைத்த நெல்லை ஷூவுக்குள் திணித்து இறுக்கிக் கட்டி வைத்தால், நெல் ஊதிப் பருத்துத் தோலைத் தானாக விரித்துவிடுமாம். ஆரணியில் நெல்லுக்கா பஞ்சம்? நயினார் வீட்டிலேயே வாங்கித் திணித்து, கொல்லைப்புறத்தில் வைத்தேன்.

விடிந்து போய்ப் பார்த்தபோது நெல் நன்றாகத்தான் ஊதியிருந்தது. ஷூ இரண்டிலும் எறும்பு. ஒன்றிரண்டு இல்லை, ஒரு ஊரே குடிவந்திருந்தது. தட்டிவிடலாம் என்று கையை ஓங்கினேன். பின்னாலிருந்து பத்மாவதி அம்மாளின் குரல் வந்தது.

"தட்டாதீங்க. ஈரம் காஞ்சா அதுங்களே போயிடும்."

கொல்லைப்புறத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, முதலாளியின் சீமை ஷூவிலிருந்து எறும்புகள் தாமாக வெளியேறுவதற்காகக் காத்திருந்தேன். அவற்றுக்கு ஒரு அவசரமும் இல்லை. ஒவ்வொன்றும் ஆளுக்கு ஒரு துணுக்கு நெல்லை எடுத்துக்கொண்டு, திரும்பி வந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டு போனது. நடுவில் நயினார் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மோர் வேண்டுமா என்று கேட்டார். உச்சிவேளைக்கு மேல்தான் ஷூ என் கைக்கு வந்தது. போட்டுப் பார்த்தேன். ஒரு நூல் அளவுகூட விரியவில்லை. புளித்த வாடை மட்டும் வந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சம்பளத்துக்குச் சேலை எண்ணுகிறவன் நான். யாரோ ஒருவர் புல்லில் பந்து தட்டுவதற்காக, கண்காணாத ஊரில் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து எறும்புக்குக் காவல் காக்கிறேன். ஆனாலும் ஷூவைத் துடைத்து வைத்தேன். அதுதான் என் சுபாவம்.

பாவு நீட்டுகிற நாள் வந்தது. நெசவாளர் ஏகாம்பரத்தின் தெருவுக்குக் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். கொப்புளத்துக்குத் துணி சுற்றி, அதன்மேல் ஷூவை மாட்டிக்கொண்டு, கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அரக்கு நிறத்தில் பட்டு இழைகள். இடையிடையே குச்சிகள் முட்டுக்கொடுத்து நின்றன. இளவெயிலில் அது மொத்தமும் தண்ணீர் ஓடுவதுபோல மினுங்கியது. ஏகாம்பரம் ஒரு பக்கமும் அவர் மனைவி சரோஜா மறுபக்கமுமாக நின்று சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் எங்கள் முதலாளி மகளின் புடவை என்று நயினார் சொன்னார்.

அதைப் பார்த்ததும் என் எரிச்சல் எல்லாம் ஒரு நிமிஷம் அடங்கிப்போயிற்று. இன்னும் கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று ஓரமாக நடந்தேன். அப்போது அரிசி மூட்டை ஏற்றிய சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டே பின்னால் வந்தது. ஒதுங்கினேன். சாக்கடை ஓரத்துக் கல்லில் ஆணி வழுக்கியது. விழாமல் சமாளிக்க ஒரு காலை எடுத்து வைத்தேன். அது பாவுக்கு நடுவில் போய் இறங்கியது.

பட்டு அறுந்தால் பெரிதாகச் சத்தம் வராது. எனக்கு மட்டும் அது நன்றாகக் கேட்டது.

"காலத் தூக்காதீங்க" என்றார் ஏகாம்பரம். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "அப்பிடியே நில்லுங்க. அசையாதீங்க."

நின்றேன். ஆணிகளில் இழைகள் சுற்றியிருந்தன. புருஷனும் மனைவியும் இரண்டு பக்கமும் என் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். சரோஜா என் கணுக்காலை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஆணி ஆணியாக இழைகளை விடுவிக்க ஆரம்பித்தார். தெருவில் மற்ற வேலைகள் நின்றுபோய்விட்டன. ஒரு கையை நயினாரின் தோளில் ஊன்றிக்கொண்டு, வேறொருவனுடைய ஷூவுக்குள் நின்றபடி, என் காலடியில் இரண்டு பேர் குனிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப்போல ஒரு வெட்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

சரோஜா நிமிராமலே கேட்டார்.

"யாருதுங்க இந்த ஷூ? உங்க அளவா இருந்தா இப்பிடிக் கடிக்காதே."

அளவு சரிதான் என்றும், முதலாளியுடையது என்றும், அவருக்காகப் போட்டுப் பழக்கிக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

அவர் கடைசி இழையை எடுத்துவிட்டு, அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "அவரு நடக்கறதுக்கு நீங்க இன்னாத்துக்குங்க நடந்துகினு கீறீங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன்.

அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து முடிச்சுப் போட வேண்டியிருந்தது. பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்து உட்கார்ந்தார்கள். வெயில் ஏறினால் பட்டுக்கு ஆகாது என்று எல்லாரும் ஜல்தியாக வேலை பார்த்தார்கள். என்னால் ஆன உதவி, தள்ளி நின்று தண்ணீர் மொண்டு கொடுத்தது மட்டும்தான். புடவை பாழாகிவிட்டதா என்று ஏகாம்பரத்திடம் கேட்க எனக்குத் தைரியமில்லை. அவரே சொன்னார். முகப்புப் பக்கம் படவில்லையாம், உடல் பகுதியில்தானாம், நெய்துவிட்டால் தெரியாதாம். பேஜார் பண்ணிவிட்டீர்கள் என்று அதற்கப்புறம்தான் ஒரே ஒரு தடவை சொன்னார்.

மறுநாள் நயினார் கடைக்கு ஈப்போவிலிருந்து போன் வந்தது. முதலாளி. கடையில் முகூர்த்தக் கூட்டம். கலசப்பாக்கத்திலிருந்து ஒரு பெண்வீட்டுக் குடும்பமே வந்து, தரையெல்லாம் புடவைகளை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தது. அத்தனை பேரையும் தாண்டி, வெறுங்காலோடு போய்ப் போனை எடுத்தேன்.

"மாணிக்கம், ஷூ எப்படி இருக்கு?" என்றார் முதலாளி. அதுதான் முதல் கேள்வி. அப்புறம் ஒரே இரைச்சல், கடல் கொந்தளிப்பதுபோல.

"கழட்டிட்டேங்க" என்றேன்.

"கட்டிட்டியா? நாடாவ ரொம்ப இறுக்கிக் கட்டாதே."

"கட்டலீங்க. கழட்டிட்டேன். இனிமே போட மாட்டேன்."

"சத்தமாப் பேசு. யாரு போட மாட்டா?"

கத்தினேன். என் வாழ்நாளில் அவர் முன்னால் நான் கத்தியதில்லை. கடல் தாண்டி இருந்ததால் வந்த துணிச்சலோ என்னவோ. உங்கள் ஷூவை நான் போட மாட்டேன் முதலாளி, உங்கள் காலுக்கு நீங்கள்தான் நடக்க வேண்டும் என்று ஒரு மூச்சில் கத்தினேன். கடையே அடங்கிப்போயிற்று. கலசப்பாக்கத்துப் பெண்மணி ஒருத்தி கையில் பிடித்த முந்தானையோடு அப்படியே என்னைப் பார்த்தாள். இரைச்சலும் அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது. அவர் மூச்சு விடுவதுகூடப் பக்கத்தில் கேட்டது. வேலை போயிற்று என்று நினைத்தேன். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை எல்லாம் கண்முன்னால் வந்துபோயின.

"சரி" என்றார் முதலாளி. "புடவை எப்ப முடியும்?"

அவ்வளவுதான். புடவையைப் பற்றிப் பேசினோம். கல்யாணத்துக்கு முன்னால் வந்துவிடும் என்றேன். லைன் அறுந்தது. போனை வைத்துவிட்டு நின்றேன். எனக்கு நிம்மதிக்குப் பதிலாக ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷமாக நான் பயந்தது இந்த ஒரு 'சரி'க்கா? கேட்டிருந்தால் எப்போதோ கிடைத்திருக்குமா? பின்னால் அந்தக் கலசப்பாக்கத்துப் பெண்மணி, இவர் ஷூ கம்பெனிக்காரரா என்று நயினாரிடம் மெதுவாக விசாரித்துக்கொண்டிருந்தாள்.

கடைத்தெருவிலேயே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டேன். அதுவும் கடித்தது. பெருவிரல் இடுக்கில் வார் அறுத்து, இரண்டு நாளைக்குத் தோலை உரித்தது. என் செருப்புதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். தெருமுனைக் கல்லில் உட்காராமல் நேரே வாசல்வரைக்கும் போகவும் முடிந்தது.

தறி ஏறியபிறகு தினமும் ஏகாம்பரம் வீட்டுக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வேன். நான் மிதித்து அறுந்த இடம் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அது வந்ததா, எப்போது வந்தது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. சரோஜாவுக்குத் தெரிந்திருக்கும். ஒருநாள் நெசவுக்கு நடுவில் துணியை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். புடவை முடிந்த அன்று அதை மடித்து என் கையில் வைத்தபோது, கல்யாணப் பெண்ணின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஈப்போவில் புடவையை முதலாளியின் வீட்டில் சேர்த்தேன். ஷூப் பெட்டியை அவர் மேசைமேல் வைத்தேன். ஓர் ஆணி மழுங்கியிருப்பதையும் தோலில் நெல் வாடை வருவதையும் நானே சொல்லிவிட்டேன். அவர் பெட்டியை மூடினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அதைப் போட்டுக்கொண்டு கிளப்புக்குப் போனார் என்பது திங்கட்கிழமை காலையில் அவர் கடைக்குள் நுழைந்த விதத்திலேயே தெரிந்தது. செருப்புப் போட்டிருந்தார். இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி. கணக்குப்பிள்ளையும் மற்றவர்களும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். போய் நின்றேன்.

"குதிகால்லதான் ரொம்பக் கடிக்குது, மாணிக்கம்" என்றார்.

"இடது கால்லதான் ஜாஸ்தி" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமா. இடது கால்லதான்." பிறகு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எங்கே முதலில் கொப்புளம் வரும், எத்தனை நாள் எரியும், துணி சுற்றினால் நல்லதா கெட்டதா என்று இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.